தோணியின் அளவும் அச்சின் நுட்பமும்

மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில் வழியாக அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் அம்பாறைக் கரையோரத்தில் கரைவலைத் தொழில் மிகப் பழையது. கடலை வளைத்து வலை விட்டு வருவதற்கு ஒரு தோணி வேண்டும். முன்னாளில் அத்தோணி மரத்தாற் செய்யப்பட்டது. அதைக் கட்டிய ஓடாவி, வரைபடம் எதனையும் விரித்து வைத்துக்கொண்டு வேலை செய்யவில்லை. முழமும் சாணும் விரற்கடையுமே அவருடைய அளவுகோல்கள். அணியம் எவ்வளவு உயர வேண்டும், ஏரா எனப்படும் அடிமரம் எவ்வளவு வளைய வேண்டும் என்பன அவருடைய கண்ணிலும் கையிலும் இருந்தன. மகனோ மருமகனோ அருகில் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டால் அக்கலை நீடிக்கும். இல்லையேல் ஓடாவியோடு அதுவும் மறையும்.

இன்று கரையில் ஏற்றி வைக்கப்பட்டிருப்பவை பெரும்பாலும் பைபர் படகுகளே. அவை இலேசானவை, விரைவிற் செய்யத்தக்கவை, மரத்தைப்போல் உளுத்துப்போவதில்லை. ஆகையால் மரத் தோணி குறைந்துபோனதற்கு மீனவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் மறைந்த தோணியின் அளவு எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேட்டால், பெரும்பாலும் மௌனமே விடையாகக் கிடைக்கிறது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையின் மாவட்டங்களுள் மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் மாண்டனர். அத்துயரத்தின் முன் பொருள்களின் இழப்பைப் பெரிதாகப் பேச எவருக்கும் மனம் வராது. எனினும் ஆண்டுகள் கடந்தபின், உயிர் தப்பியவர்களே தம் வீட்டையும் தோணியையும் பற்றித் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல முற்படும்போது, காட்டுவதற்கு எதுவும் இல்லாமை உறுத்துகிறது. ஒரு பொருள் அழிந்தபின் அதனை நினைக்கலாம், அளக்க முடியாது.

அழியுமுன் அளந்து வைப்பதற்கும், அளந்ததைக் கைக்கடக்கமான உருவமாகத் திரும்பச் செய்வதற்கும் இரண்டு நுட்பங்கள் இன்று எளிதாகிவிட்டன. ஒன்று, ஸ்கேனிங் என வழங்கும் முப்பரிமாண வருடல். மற்றது, முப்பரிமாண அச்சு. சிற்றளவு மாதிரிகளைச் செய்வோர் உலகெங்கும் இவ்விரண்டையும் கையாளுகின்றனர்.

முதலில் சிற்றளவு என்பதன் பொருளைத் தெளிந்துகொள்ளல் நலம். பிள்ளைகள் விளையாடும் பொம்மைப் படகுக்கும் அளவு மாதிரிக்கும் வேறுபாடு உண்டு. பொம்மைப் படகில் பாய்மரம் பெரிதாகவும் உடல் சிறிதாகவும் இருக்கலாம். அளவு மாதிரியிலோ எல்லா உறுப்பும் ஒரே விகிதத்திற் குறைய வேண்டும். ஆறு மீற்றர் நீளமுள்ள தோணியை 24இல் ஒரு பங்காகச் செய்தால் மாதிரியின் நீளம் 25 சென்ரிமீற்றர். இரண்டரைச் சென்ரிமீற்றர் தடிப்புள்ள பலகை அதில் ஒரு மில்லிமீற்றராகும். அதே தோணியை 72இல் ஒரு பங்காகச் செய்தாலோ பலகையின் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் மூன்றிலொரு பங்களவாகி, கைபட்டாலே முறியும். நீளம் 24இல் ஒரு பங்காகும்போது கன அளவு 13,824இல் ஒரு பங்காகி விடுகிறது என்பதையும் கருத வேண்டும். எனவே எந்த விகிதத்திற் செய்வது என்று முடிவு செய்வதே இக்கலையின் முதற்படி.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு ஒன்று இக்கரைக்கு வடக்கே, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலடியிலேயே கிடக்கிறது. அதுதான் ஹெர்மிஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். தொடக்கத்திலேயே விமானந்தாங்கியாகத் திட்டமிட்டுக் கட்டத் தொடங்கப்பட்ட முதற் கப்பல் என்ற பெருமை அதற்குண்டு. 1918இல் அடிமரம் இடப்பட்டு, 1919இல் நீரில் இறக்கப்பட்டு, 1924இல் சேவையிற் சேர்ந்தது. அதற்குள் ஜப்பானின் ஹோஷோ என்னும் கப்பல் முந்திக்கொண்டு 1922இலேயே நிறைவெய்திவிட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள், திருகோணமலையிலிருந்து விலகித் தெற்கே வந்திருந்த ஹெர்மிஸ் கப்பலை ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக்கு அப்பாற் கண்டு குண்டு வீசின. அன்று அதன் மேற்றளத்தில் தற்காப்புக்கு ஒரு விமானமேனும் இல்லை. சிறிது நேரத்துள் கப்பல் மூழ்கியது. 307 பேர் உயிரிழந்தனர். அருகிலிருந்த வீற்றா என்னும் மருத்துவக் கப்பல் கடலில் மிதந்த அறுநூறு பேரளவில் மீட்டது. ஹெர்மிஸ் இன்றும் ஐம்பது மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் ஒருபுறமாகச் சாய்ந்து கிடக்கிறது.

அக்கப்பலின் நீளம் சுமார் 183 மீற்றர். ஜப்பானிலுள்ள அயோஷிமா நிறுவனம் அதன் மாதிரியை 700இல் ஒரு பங்கு அளவில் வெளியிட்டுள்ளது. கப்பலை மூழ்கடித்த நாட்டிலேயே அதன் மாதிரியும் வார்க்கப்படுகிறது. அவ்விகிதத்தில் கப்பலின் நீளம் 26 சென்ரிமீற்றர். ஒரு முழத்துக்கும் குறைவு. மேற்றளத்தின் ஓரத்தில் ஒரு மீற்றர் உயரத்திற் கைப்பிடிக் கம்பி வேலி இருந்தால், மாதிரியில் அதன் உயரம் ஒன்றரை மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. கப்பலிலிருந்த ஆறு பீரங்கிகளின் குழல்வாய் ஐந்தரை அங்குலம், அதாவது 14 சென்ரிமீற்றர். மாதிரியில் அது 0.2 மில்லிமீற்றர் ஆகும். இரண்டு சென்ரிமீற்றர் பருமனுள்ள கயிறோ 0.03 மில்லிமீற்றராகி, தலைமயிரினும் மெல்லியதாகிவிடும். பெருந்தொகையாக வார்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகளில் இத்தகைய நுண்ணுறுப்புகள் மொத்தமாகவே அமையும். ஆர்வமுள்ளவர்கள் அவற்றை அகற்றிவிட்டு, அச்சிட்ட நுண்ணுறுப்புகளைப் பொருத்துகின்றனர். முப்பரிமாண அச்சு அவர்களுக்குத் துணைவந்தது இவ்விடத்திலேதான்.

இனி, வருடல் எவ்வாறு நிகழ்கிறது என்பதைப் பார்க்கலாம். அதற்கு இரு வழிகள் உண்டு. ஒன்று ஒளியை எறிந்து அளப்பது. லேசர்க் கதிரையோ கோடிட்ட ஒளியையோ பொருளின்மேல் வீசி, அது திரும்பும் தன்மையைக் கொண்டு மேற்பரப்பிலுள்ள புள்ளிகளின் இடத்தைக் கருவி கணிக்கிறது. மற்றது புகைப்படங்களைக் கொண்டு அளப்பது. இவ்விரண்டாம் முறை மிகப் பழையது. 1858ஆம் ஆண்டில் ஜெர்மனியிலுள்ள வெற்ஸ்லார் என்னும் ஊரின் பேராலயத்தை அளந்துகொண்டிருந்த அல்பிரெக்ற் மைடன்பவர் என்பவர், உயரத்திலிருந்து தவறி விழும் நிலைக்குள்ளாகி மயிரிழையில் உயிர் தப்பினார். சுவரில் ஏறி அளப்பதற்குப் பதிலாகப் புகைப்படத்திலிருந்தே அளந்துகொண்டால் என்ன என்ற எண்ணம் அவருக்கு அப்போது பிறந்தது. கட்டடங்களைப் புகைப்படத்தால் அளக்கும் கலை அவருடைய உழைப்பினால் வளர்ந்தது.

அதன் அடிப்படை எளிது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோப்பது கடினம். இரு கண்ணாலும் பார்த்தால் இலகு. இரு கண்ணும் இரு இடத்திலிருந்து பார்ப்பதால் தூரம் புலப்படுகிறது. அவ்வாறே ஒரு தோணியைச் சுற்றி நடந்து, நூறு இடங்களிலிருந்து நூறு படங்கள் எடுத்தால், ஒரே ஆணித்தலை பல படங்களில் வெவ்வேறு இடத்தில் தோன்றும். அவ்வேறுபாட்டைக் கொண்டு கணினி அந்த ஆணித்தலை எங்கே இருக்கிறது என்று கணித்துவிடுகிறது. இவ்வாறு இலட்சக்கணக்கான புள்ளிகள் சேர்ந்து தோணியின் உருவமாகின்றன. இதற்குச் சாதாரணக் கைத்தொலைபேசியின் கமரா போதும். மெஷ்ரூம் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

ஆயினும் சில விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். அடுத்தடுத்த படங்களில் பாதிக்கு மேற்பட்ட பகுதி ஒன்றாகவே இருத்தல் வேண்டும். கடும் வெயிலில் விழும் நிழல் உருவத்தைக் கெடுக்கும். முகில் மூடிய காலை வேளை உகந்தது. நனைந்த பலகையும் பளபளக்கும் உலோகமும் கண்ணாடியும் இம்முறைக்குப் பகை. ஒளி அவற்றில் இடத்துக்கிடம் மாறித் தெரிவதால் கணினி ஏமாந்துவிடும். எல்லாவற்றினும் முதன்மையான விதி ஒன்றுண்டு. புகைப்படங்கள் வடிவத்தைத் தருமேயன்றிப் பருமனைத் தரமாட்டா. ஆறு மீற்றர்த் தோணியும் ஆறு சென்ரிமீற்றர்ப் பொம்மையும் படத்தில் ஒன்றுபோலவே தோன்றலாம். ஆகையால் நீளம் தெரிந்த ஒரு கோலைத் தோணியின் அருகில் கிடத்தியே படமெடுக்க வேண்டும். அக்கோல் இல்லாத பதிவு, நிறுக்காமல் விற்ற மீனைப் போன்றது. கண்ணுக்கு நிறைவாயிருக்கும்; கணக்குக்கு உதவாது.

கிடைத்த புள்ளிகளை மென்பொருள் சிறுசிறு முக்கோணங்களால் இணைத்து ஒரு வலையாக்குகிறது. மீன்வலைக்குப் போலவே இவ்வலைக்கும் கண்ணின் அளவே முதன்மை. கண் பெரிதானால் சிறு விவரங்கள் நழுவிவிடும். கண் மிகச் சிறிதானால் கணினி சுமை தாங்காது திணறும். படம் எட்டாத மூலைகளில் வலை கிழிந்திருக்கும். அக்கிழிசலை மனிதர் அமர்ந்து தைக்க வேண்டும். அதன் பிறகே மிகக் கடினமான வேலை தொடங்குகிறது. உண்மை அளவின்படியே குறைத்தால் சில உறுப்புகள் அச்சாக முடியாத அளவு மெலிந்துவிடும். அவற்றைச் சற்றே தடிப்பாக்க வேண்டும். ஆனால் கண் அதைக் கண்டுகொள்ளலாகாது. எதனைத் தடிப்பாக்குவது, எதனை அறவே விட்டுவிடுவது என்பதைக் கருவி சொல்லாது. கப்பலைப் பற்றியோ தோணியைப் பற்றியோ அறிந்த ஒருவரே சொல்ல முடியும்.

அடுத்து அச்சு. 1981இல் ஜப்பானின் நாகோயா நகரைச் சேர்ந்த ஹிதேயோ கொடாமா, ஒளி பட்டால் இறுகும் திரவத்தைக் கொண்டு படைபடையாக உருவம் செய்யும் வழியை விவரித்து எழுதினார். அமெரிக்கரான சார்ள்ஸ் ஹல் என்பவர் அத்தகைய முறையொன்றுக்கு 1984இல் விண்ணப்பித்து 1986இல் காப்புரிமை பெற்றார். பின்னர் பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் வேறொரு முறையும் தோன்றியது. இடியப்பம் பிழிவதைப் பார்த்தவர்களுக்கு இம்முறை உடனே விளங்கும். பெரிய உடற்பகுதிகளுக்கு இழைமுறை போதும். நுண்ணுறுப்புகளுக்கோ ரெசின் என்னும் திரவப் பிசின் முறையே ஏற்றது.

ரெசின் அச்சுப்பொறியில் ஒரு தட்டத்திற் பிசின் இருக்கும். அதன் அடியில் ஒரு திரை உண்டு. உருவத்தின் ஒரு படை எவ்வடிவமோ அவ்வடிவில் திரை ஒளியை விடும். ஒளி பட்ட இடம் மட்டும் இறுகும். உடனே மேடை சிறிதளவு உயரும். அடுத்த படை இறுகும். ஒரு படையின் தடிப்பு 0.05 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொண்டால், இரண்டு சென்ரிமீற்றர் உயரமுள்ள உறுப்புக்கு 400 படைகள் வேண்டும். படைக்கு ஒன்பது வினாடி சென்றால் ஒரு மணிநேரத்தில் வேலை முடியும். ஒரு படை முழுவதும் ஒரே தடவையில் இறுகுவதால், மேடையில் ஓர் உறுப்பை வைத்தாலும் பத்து உறுப்புகளை வைத்தாலும் நேரம் ஒன்றே. இலங்கையின் சிறு கைவினைஞர் ஒருவர் ஒரே பொருளின் பல படிகளைச் செய்ய விரும்பினால் இது பெரிய வசதி.

வசதியோடு எச்சரிக்கையும் வேண்டும். இறுகாத பிசின் தோலிற் பட்டால் ஒவ்வாமை உண்டாக்கும். கையுறை அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்திலேயே வேலை செய்ய வேண்டும். அச்சான உறுப்பை அற்ககோலில் கழுவி, மறுபடியும் ஒளியில் வைத்து முற்றாக இறுகச் செய்ய வேண்டும். கழுவிய திரவத்தை வடிகாலிலோ கடலிலோ ஊற்றுவது தீது. அன்றியும், இறுகும்போது பிசின் சற்றே சுருங்கும். மெல்லிய நீண்ட உறுப்புகள் வளையும். அவற்றைச் சரித்து நிறுத்தி, முட்டுக் கொடுத்து அச்சிடுவது வழக்கம். முதல் முயற்சியிலேயே நல்ல உறுப்பைப் பெற்றவர் அரியர்.

இவ்வளவு நுட்பம் கைவசம் இருந்தும், கடந்துபோன ஒன்றை அவை மீட்டுத் தரமாட்டா என்பதை மறத்தலாகாது. 2022இல் அத்திலாந்திக் சமுத்திரத்தில், சுமார் 3,800 மீற்றர் ஆழத்திற் கிடக்கும் டைட்டானிக் கப்பலை ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களால் முழுமையாகப் பதிவு செய்தனர். மறு ஆண்டு அப்பதிவு உலகுக்குக் காட்டப்பட்டது. அது வியத்தகு சாதனையே. ஆனால் அது காட்டுவது உடைந்து துருவேறிய கப்பலை. 1912இல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்ட கப்பலை அன்று. ஹெர்மிஸ் கப்பலை எவ்வளவு நுட்பமாகப் பதிந்தாலும் இதுவே நிலை. அதன் முழு உருவத்தைச் செய்ய விரும்புவோர் பழைய வரைபடங்களையும் புகைப்படங்களையும் நாடியே தீர வேண்டும். அவை பேணப்பட்டிருப்பதனாலேயே அம்மாதிரி இயலுகிறது. மரத் தோணிக்கு அத்தகைய வரைபடம் எங்கே இருக்கிறது?

அழியுமுன் அளந்ததன் பயனைப் பாரிஸ் நகரம் கண்டது. அங்குள்ள நோத்ர தாம் பேராலயத்தை 2010இல் அண்ட்ரூ தாலன் என்னும் அமெரிக்க வரலாற்றாசிரியர் லேசர் கொண்டு அளந்தார். நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகள் பதிவாயின. அவர் 2018இற் காலமானார். மறு ஆண்டு ஏப்ரில் 15ஆம் நாள் பேராலயத்தின் கூரை தீப்பற்றி எரிந்தது. மீளக் கட்டியவர்களுக்கு அவருடைய அளவு பெருந்துணையாயிற்று. 2024 டிசம்பரிற் பேராலயம் மறுபடியும் திறக்கப்பட்டது. இலங்கைக்கு அருகிலுள்ள மாலைதீவிலும் இத்தகைய பணி நடந்துள்ளது. அங்கே முருகைக் கல்லிற் செதுக்கிக் கட்டிய பழைய பள்ளிவாசல்களையும் மீசான் கற்களையும் ஆய்வாளர்கள் இவ்வாறே அளந்து பதிந்து வருகின்றனர். கடல் உயர்ந்தால் அவற்றுக்கு நேரக்கூடியதை அவர்கள் அறிவர்.

அம்பாறைக் கரையோரத்தில் அளக்கத்தக்கவை குறைவா? மருதமுனையின் கைத்தறியில் ஓடமும் அச்சுப்பலகையும் மிதிபலகையும் உண்டு. பழைய வீடுகளிற் செதுக்கு வேலைப்பாடுடைய கதவுநிலைகள் உண்டு. நாகூர் ஆண்டகையின் பேரால் கொடியேற்றம் நடைபெறும் கல்முனைக் கடற்கரைப் பள்ளி உண்டு. எங்கேனும் ஒரு கொல்லையில் கவிழ்த்து வைத்த மரத் தோணியும் இருக்கலாம். ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதில் பொறியியற் பீடமும் இருக்கிறது. காத்தான்குடியிலே பூர்வீக நூதனசாலையொன்று முஸ்லிம்களின் பழைய வாழ்வைக் காட்சிக்கு வைத்திருக்கிறது. கருவியும் ஆளும் இடமும் ஒன்றுக்கொன்று தூரத்தில் இல்லை. ஒரு பாடசாலையின் மாணவர் ஐவர், ஒரு கைத்தொலைபேசி, ஒரு மீற்றர்க் கோல், ஒரு முற்பகல்: தொடங்குவதற்கு இவ்வளவே வேண்டும். அச்சு பின்னர் வரலாம். பத்தாண்டு கழித்தும் வரலாம். பதிவு மட்டும் பிந்தலாகாது.

அவர்கள் மற்றுமொன்றையும் உடன் கொண்டு செல்ல வேண்டும்: ஒரு குறிப்புப் புத்தகம். பலகை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதைக் கமரா பதிந்துகொள்ளும். ஏன் அப்படி வளைத்தார்கள், அவ்வுறுப்புக்கு ஊரார் வழங்கிய பெயர் என்ன, எந்த மரத்தை எந்தப் பருவத்தில் வெட்டினார்கள் என்பன கமராவுக்குத் தெரியா. அவை முதியோர் நாவில் இருக்கின்றன. அவர்களைத் தோணியின் அருகில் ஒரு கதிரையில் இருத்தி, ஒவ்வோர் உறுப்பாகத் தொட்டுக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

அப்போதுதான் என்றோ ஒரு நாள் அச்சுப்பொறியிலிருந்து வெளிவரும் அந்த 25 சென்ரிமீற்றர்த் தோணியைக் கையிலேந்தும் சிறுவன், இது அணியம், இது ஏரா என்று பெயர் சொல்லி அறிந்துகொள்வான்.